லினக்ஸ் கம்ப்யூட்டர் அணைய மாட்டேன் என்கிறதா? எல்லைப் பக்கத்து வாசகர்களின் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, பள்ளி ஆசிரியை: லேபில் உபுண்டு லினக்ஸ். ஷட்டவுன் கொடுத்தால் லோகோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. பிள்ளைகள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள் டீச்சர். லோகோ சுற்றும்போது எஸ்கேப் கீயைத் தட்டினால் பின்னால் ஓடும் வரிகள் தெரியும், பாதிப் பதில் அங்கேயே இருக்கும். 'எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்' என்று தொடங்கி ஒரு பெயரும் பக்கத்தில் ஓடும் நொடிகளும் இருந்தால் மெஷின் உறைந்துபோகவில்லை, பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு சேவை மூட மறுப்பதால், சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்-டி பொறுத்திருக்கிறது என்று அர்த்தம். வழக்கமாக 90 நொடி பொறுக்கும், அப்புறம் வலுக்கட்டாயமாக மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். லேப் என்றால் சர்வரிலிருந்து இணைத்த ஷேர் ஃபோல்டர்தானா என்று முதலில் பாருங்கள்: நெட்வொர்க் முன்னாடியே போய்விட்டால் ஃபோல்டரை விடுவிக்க முடியாமல் மெஷின் முழிக்கும். எந்த டிஸ்க்கை, ஃபோல்டரை எங்கே இணைப்பது என்று எழுதிவைத்திருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், அந்த ஃபோல்டருக்கான வரியில், இது நெட்வொர்க்கை நம்பியது என்று சொல்லும் 'நெட்டெவ்' ஆப்ஷனைச் சேருங்கள், முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர் வேண்டும்.

பெயரைப் பார்ப்பதற்குள் திரை போய்விட்டால், மறுபடி ஆன் செய்து 'ஜர்னல்-சிடிஎல்' கட்டளையோடு மைனஸ் பி, மைனஸ் 1 சேர்த்து (journalctl -b -1) ஓட்டுங்கள், போன தடவையின் பதிவு வரும், கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 90 நொடியை 5 ஆக்கிவிடு என்று யாராவது சொல்வார்கள். டேட்டாபேஸ் ஓடும் மெஷினில் அது வேண்டவே வேண்டாம், எழுதி முடிப்பதற்குள் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது போல ஆகிவிடும்.

நகரி, விசைத்தறிக் கணக்கு பார்ப்பவர்: திரை கறுத்துவிடுகிறது, ஆனால் ஃபேனும் லைட்டும் அணைவதே இல்லை.

கடைசியாக 'பவர் டவுன்' என்ற வரி வந்ததா? வந்தால் லினக்ஸ் தன் வேலையை முடித்துவிட்டது, டிஸ்க்கும் பத்திரம். மின்சாரத்தை வெட்ட வேண்டியது ஏசிபிஐ என்ற மின்கட்டுப்பாட்டு ஏற்பாட்டின் வழியாக மதர்போர்டுதான், அது கேட்கவில்லை. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் யாராவது 'ஏசிபிஐ=ஆஃப்' என்று போட்டு வைத்திருக்கிறார்களா பாருங்கள். வேறு ஏதோ கோளாறுக்காகப் போட்டு மறந்திருப்பார்கள், அது இருந்தால் மெஷினுக்குத் தானாக அணையவே தெரியாது. எடுத்துவிட்டு 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். அது இல்லையென்றால் கிரப் மெனுவில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்பைத் தேர்ந்து அணைத்துப் பாருங்கள், ஒழுங்காக அணைந்தால் கோளாறு புதிய கெர்னலில். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதை இயக்கும் நூவோ டிரைவர்மீதும் ஒரு கண் வையுங்கள். மதர்போர்டில் இருக்கும் பயாஸ் மென்பொருளின் அப்டேட் கடைசியில், அதுவும் யுபிஎஸ் இருக்கும்போது மட்டும்.

பாறசாலை: அணைகிறது, உடனே தானாக ஆன் ஆகிறது.

பயாஸில் நெட்வொர்க் மூலம் எழுப்பும் வேக்-ஆன்-லேனையும், யுஎஸ்பி மூலம் எழுப்பும் வசதியையும் நிறுத்திப் பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் மட்டும் ஆன் ஆனால் அது வேறு விஷயம், பயாஸிலேயே 'ஏசி பவர் லாஸ்' என்ற பெயரில் இருக்கும்.

மறையூர், வெல்லக் கடை: டெர்மினலில் 'ஹால்ட்' அடித்தால் 'சிஸ்டம் ஹால்டட்' என்று நின்றுவிடுகிறது.

கோளாறே இல்லை. ஹால்ட் நிறுத்தும், மின்சாரத்தை வெட்டாது. 'பவர்ஆஃப்' அடியுங்கள்.

குமுளி: எதுவுமே அசையவில்லை என்றால் பட்டனைத் தவிர வழியே இல்லையா?

இருக்கிறது. ஆல்ட்டையும் பிரிண்ட்-ஸ்கிரீனையும் பிடித்தபடி எஸ், யு, ஓ என்று ஒவ்வொன்றாக, நடுவில் சில நொடி விட்டு அழுத்துங்கள். எஸ் நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதும், யு டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று பூட்டும், ஓ அணைக்கும். உபுண்டுவில் இந்த மூன்றும் முதலிலேயே அனுமதிக்கப்பட்டவை. லேப்டாப்பில் எஃப்என் கீயும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கலாம். இதற்கும் மசியவில்லை என்றால் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் இஎக்ஸ்டி4 தன் அமைப்பைக் காப்பாற்றிக்கொள்ளும், நீங்கள் சேமிக்காமல் விட்ட பில்லைக் காப்பாற்றாது.