சிகாகோவில் ஒரு பெட்ரூம் வீடு: வாடகைக்கு எடுப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: ஜனவரியில வேலைக்கு வர்றேன். ஒரே வாடகையில ரெண்டு வீடு கிடைக்குது. ஒண்ணு பழைய செங்கல் கட்டடம், "ஹீட் இன்க்ளூடட்" (சூடேத்துற செலவு வாடகைக்குள்ளேயே). இன்னொண்ணு புதுசா புதுப்பிச்சது, தனி ஃபர்னஸ் (அந்த வீட்டுக்கு மட்டுமான சூடேத்தி). எது நல்லது?

பதில்: வாடகை ஒன்றே என்றால் முதல் வீடு. அங்கே கீழே ஒரே பாய்லர், எல்லா வீட்டுக்கும் ரேடியேட்டர் (சுவரோரம் நிற்கும் இரும்புச் சூடேற்றி) வழியாக நீராவி போகும். கேஸ் பில் ஓனர் தலையில். தனி ஃபர்னஸ் என்றால் நகர கேஸ் கம்பெனியான பீப்பிள்ஸ் கேஸின் கணக்கு உங்கள் பெயரில் வரும், ஜனவரி, பிப்ரவரி பில் கனக்கும். சூடேற்றும் செலவு வாடகைக்காரருடையது என்றால், மாதச் சராசரி எவ்வளவு ஆகும் என்று ஓனர் எழுத்தில் காட்ட வேண்டும் என்பது நகர விதி. கையெழுத்துக்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள். சூடு கேஸிலா, கரண்டிலா என்றும் கேளுங்கள். சுவரடியில் பதித்த, கரண்டில் ஓடும் பேஸ்போர்டு ஹீட்டர்தான் பர்ஸைக் காலி செய்யும்.

ரேடியேட்டரில் ஒரு விஷயம். நீராவி வரவும் நீர் திரும்பவும் ஒரே குழாய் உள்ள வகையில் கீழே உள்ள வால்வை முழுதாகத் திறக்க வேண்டும், அல்லது முழுதாக மூட வேண்டும். பாதி திறந்தால் நீராவி குளிர்ந்து உண்டான நீர் திரும்ப வழியில்லாமல் உள்ளே தேங்கி, நீராவி மோதி, சுத்தியால் அடிப்பது போல் சத்தம் போடும், தண்ணீரும் கசியும்.

கேள்வி: ஹீட் இன்க்ளூடட் வீடுதான், ஆனா ராத்திரி நடுங்குது. ஓனர் "பார்க்கலாம்"னே சொல்றார்.

பதில்: செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை, காலை 8.30 முதல் இரவு 10.30 வரை 68 டிகிரி ஃபாரன்ஹீட், மற்ற நேரத்தில் 66 டிகிரி இருக்க வேண்டும். சின்னத் தெர்மாமீட்டர் வாங்கி, ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்து, நேரம் தெரியும்படி போட்டோ எடுங்கள். ஓனருக்குப் போனில் சொன்னால் போதாது. எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நகர நிர்வாகத்தின் உதவி எண்ணான 311க்குப் புகார் செய்யுங்கள், நகர இன்ஸ்பெக்டர் வருவார். எழுதிக் கொடுத்து 72 மணி நேரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் நகரின் வாடகைச் சட்டப்படி லீஸையே (வாடகை ஒப்பந்தத்தையே) முறிக்கலாம். தேதி போட்ட கடிதம் இல்லையென்றால் அந்த 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று நிரூபிக்க முடியாது.

கேள்வி: அந்தச் சட்டம் எல்லா வீட்டுக்கும் உண்டா?

பதில்: இல்லை. ஆறு அல்லது அதற்குக் குறைவான வீடுகள் உள்ள கட்டடத்தில் ஓனரும் குடியிருந்தால் பொருந்தாது. கீழே ஓனர், மேலே நீங்கள் என்ற மூன்று மாடி வீடுகள் இங்கே நிறைய. அங்கே லீஸை வரிக்கு வரி படியுங்கள். மேலே சொன்ன வெப்ப விதியும் 311 புகாரும் அங்கேயும் உண்டு.

கேள்வி: டெபாசிட் வேண்டாம், 450 டாலர் "மூவ்-இன் ஃபீ" கட்டுங்கன்னு சொல்றாங்க. லாபமா?

பதில்: அது திரும்பி வராத பணம். அந்த வாடகைச் சட்டம் பொருந்தும் கட்டடத்தில் டெபாசிட் வாங்கினால் தனி வட்டிக் கணக்கில் வைக்க வேண்டும், ரசீது தர வேண்டும், காலி செய்த 45 நாளில் திருப்ப வேண்டும். தவறினால் டெபாசிட்டைப் போல இரண்டு மடங்கு தண்டம். அந்தச் சிக்கலைத் தவிர்க்கவே பலர் ஃபீ கேட்கிறார்கள். ஒரு வருடத்தில் மாறிவிடுவதாக இருந்தால், நேர்மையான ஓனரிடம் டெபாசிட்டே மேல். எதுவானாலும் சாவி வாங்கிய அன்றே சுவர், தரை, அடுப்பு, பாத்ரூம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கு ஈமெயில் செய்யுங்கள்.

கேள்வி: அமெரிக்காவுக்கே புதுசு, கிரெடிட் ஸ்கோர் கிடையாது.

பதில்: பொதுவாக வாடகையின் மூன்று மடங்கு மாத வருமானம் எதிர்பார்ப்பார்கள். ஆஃபர் லெட்டர், பேங்க் இருப்பு, முந்தைய ஓனரின் கடிதம், முடிந்தால் அமெரிக்காவில் ஒரு ஜாமீன்தாரர், இவற்றைக் காட்டுங்கள். வீட்டைப் பார்க்காமல், "ஊரில் இல்லை, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவருக்கு ஒரு டாலரும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: "கார்டன் யூனிட்" மலிவா இருக்கே?

பதில்: பெயரில்தான் தோட்டம், பாதி தரைக்குக் கீழே இருக்கும். பெருமழையில் சாக்கடை நீர் பின்னோக்கி ஏறலாம். சுவரடி மரச்சட்டங்களில் கறை, புதுப் பெயின்ட், ஈர வாடை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கார் இல்ல. இந்தியக் கடை பக்கம் எங்க இருக்கலாம்?

பதில்: டெவான் அவென்யூ. ஆனால் அங்கே ரயில் இல்லை. ரோஜர்ஸ் பார்க்கில் லயோலா நிலையம் அருகே எடுத்தால் டவுன்டவுனுக்கு ரெட் லைன் ரயில் இரவு முழுக்க ஓடும். டெவானுக்கு 155ஆம் எண் பஸ்.

கேள்வி: மாற்றல் வந்துடுச்சு. லீஸ் முடிய அஞ்சு மாசம் இருக்கு.

பதில்: மேலே சொன்ன வாடகைச் சட்டம் பொருந்தும் கட்டடமானால், தகுதியான ஆளைக் கொண்டுவந்தால் ஓனர் கூடுதல் கட்டணம் இல்லாமல் சப்லெட்டுக்கு (உள்வாடகைக்கு விட) சம்மதிக்க வேண்டும். ஆனால் வாடகைப் பொறுப்பு உங்கள் பெயரிலேயே நிற்கும். அந்த ஆள் கட்டாவிட்டால் உங்களைத்தான் கேட்பார்கள். முடிந்தால் அவர் பெயரில் புது லீஸ் போட்டு, உங்களை விடுவித்ததாக எழுத்தில் வாங்குங்கள்.