வாசகர் கேள்வி பதில்: சாக்கில் அச்சேறாத லோகோ

கேள்வி: எங்களுக்குக் கவுந்தப்பாடிப் பக்கம் தோட்டம். கரும்பு, மஞ்சள், கொஞ்சம் தென்னை. சொந்த ஆலையில் நாட்டுச்சர்க்கரை காய்ச்சி, இத்தனை வருசமும் மூட்டையாக ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டாகப் போட்டு, கூடவே மஞ்சள்தூளும் செக்கெண்ணெயும் சேர்த்து நாங்களே விற்கிறோம். அண்ணன் மகன் மொபைலிலேயே லோகோ போட்டுக் கொடுத்தான். பச்சை வட்டம், மேலே இரண்டு இலை, இரண்டு மலைக்கு நடுவே சூரியன், கீழே காங்கயம் காளை, ஏர் பிடிக்கும் விவசாயி, சுற்றிலும் ஆங்கிலத்தில் பெயர். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பை அச்சடிப்பவர், இது சாக்கில் வராதுங்க என்று சொல்லிவிட்டார். கோவையில் ஒரு டிசைனர் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுபடியாகாது. நாங்களே எளிமையாகச் செய்துகொள்ள முடியுமா? வாசலில் ஒரு பனைமரம் இருக்கிறது, அதை வைக்கலாமா? கிணற்று மேட்டில் அந்தக் காலத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கவலைக் கல் இரண்டு நிற்கிறது. வேறு சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லைங்க.
(வாசகி, கவுந்தப்பாடி. தோட்டத்தின் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: செய்துகொள்ளலாம். டிசைனரிடம் போனாலும் என்ன வரைய வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்தாக வேண்டும், கஷ்டமான வேலையே அதுதான். அச்சடிப்பவர் வராது என்று முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று. வாங்கிய காசுக்கு அப்படியே அடித்துக் கொடுத்திருந்தால் ஆயிரம் பை வீணாகியிருக்கும்.

முதலில் அந்தப் படத்திலிருந்து எடுக்க வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு இலை எந்தக் கட்சியின் சின்னம், மலைகளுக்கு நடுவே எழும் சூரியன் எந்தக் கட்சியின் சின்னம் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் மருமகன் பயிரையும் விடியலையும் மனதில் வைத்துத்தான் போட்டிருப்பான், ஆனால் கடையில் பாக்கெட்டைக் கையில் எடுப்பவருக்கு அது தேர்தல் சுவராகத்தான் தெரியும், பாதிப் பேர் அதற்காகவே எடுப்பார்கள், மீதிப் பேர் அதற்காகவே வைத்துவிடுவார்கள், சர்க்கரையின் ருசியைப் பற்றி யாரும் யோசிக்கமாட்டார்கள். விவசாயப் பொருளுக்குப் படம் போடுகிற எல்லோருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. தாமரை, மாம்பழம், விரித்த கை, கரும்போடு நிற்கும் விவசாயி என்று நம் தோட்டத்தில் இருப்பதில் பாதி ஏதாவது ஒரு காலத்தில் வாக்குச்சீட்டில் இருந்ததுதான். உள்ளங்கையில் செடி முளைத்த மாதிரி ஒரு படம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, அதையும் தொடாதீர்கள்.

காங்கயம் காளையை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. திமிலும் கொம்பும் தாடையும் சேர்ந்து பெரிதாகப் பார்த்தால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் பால், அரிசி, செக்கெண்ணெய், தீவனம் என்று நம் பக்கத்தில் எதைத் திருப்பினாலும் அந்தக் காளைதான் நிற்கிறது. கூட்டத்தில் உங்கள் காளையை யார் கண்டுபிடிப்பார்கள்? அதோடு இரண்டு சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் அது ஒரு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான்.

பனைமரம் வேண்டாம். வரைவதற்கு எளிது, நிழல் மாதிரி ஒரே கறுப்பில் அழகாக நிற்கும், அதெல்லாம் உண்மை. ஆனால் சர்க்கரைப் பாக்கெட்டில் பனை இருந்தால் வாங்குபவர் அதைக் கருப்பட்டி, பனைவெல்லம் என்றுதான் நினைப்பார். நீங்கள் விற்பது கரும்புச் சர்க்கரை. வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்து ஏமாந்த மாதிரி உணர்ந்தால், தப்பே செய்யாமல் உங்களுக்குக் கெட்ட பெயர். இல்லாத ஒன்றைச் சொல்லாமல் சொல்கிற படம் உணவுப் பொருளின்மேல் இருக்கவே கூடாது.

அப்புறம் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கவலைக் கல், அதுதான் உங்கள் லோகோ. நிமிர்ந்து நிற்கும் இரண்டு கல்தூண், நடுவில் வடம் ஓடிய உருளை. மாடு கட்டிக் கவலை இறைத்துக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிய நிலம் உங்களுடையது. இரண்டு தடித்த கோடு, ஒரு வட்டம், கீழே தரைக்கு ஒரு கோடு, இவ்வளவில் அது முடிந்துவிடுகிறது. சர்க்கரை, மஞ்சள், எண்ணெய் எதற்கும் பொருந்தும், நாளைக்கு நீங்கள் வாழைக்கு மாறினாலும் மாற்ற வேண்டியதில்லை. பயிரை வரைந்தவர்கள் பயிர் மாறும்போது மாட்டிக்கொள்கிறார்கள். இடத்தை வரைந்தால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, நம் ஆட்கள் மளிகைக் கடையில் பெயரை மறந்துவிட்டாலும் படத்தைச் சொல்லிக் கேட்பார்கள், சேவல் மார்க், மயில் மார்க் என்று. உங்களுடையது கிணறு மார்க் என்று வாயில் வந்துவிடும். வாயால் சொல்ல வராத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வியாபாரத்துக்கு உதவாது.

வரைவது இப்படி. வெள்ளைத்தாளில் தடித்த மார்க்கர் பேனாவால் உள்ளங்கை அளவுக்கு வரையுங்கள், மெல்லிய பேனா எடுக்காதீர்கள், எடுத்தால் கல்லில் விரிசல் போடத் தோன்றும். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருக்கிக் கறுப்பு வெள்ளையில் எடுங்கள். அதைக் கடை அலமாரியில் ஒட்டிவிட்டு எட்டி நின்று பாருங்கள். இன்னதென்று தெரியாவிட்டால் கோடு அதிகம், அல்லது கோடுகளுக்கு நடுவே இடம் போதவில்லை. சாக்கின் நெசவில் மெல்லிய கோடு துண்டு துண்டாக உடையும், நெருக்கமான கோடுகள் மை பரவி ஒட்டிக்கொள்ளும், அச்சடிப்பவர் வராது என்று சொன்னதற்கு அர்த்தம் இதுதான்.

நிறம் ஒன்றே போதும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிக் கூலி, திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு நிறம் இன்னொன்றாகக் கரைகிற வேலையெல்லாம் மொபைல் திரையில்தான் நன்றாக இருக்கும், சாக்கில் எடுபடாது. என்ன நிறம் என்பதை உங்கள் சரக்கை வைத்துப் பாருங்கள். நாட்டுச்சர்க்கரை பழுப்பு, மஞ்சள்தூள் மஞ்சள், எண்ணெயும் இளமஞ்சள். கண்ணாடி மாதிரி தெரிகிற கவரில் இவற்றின்மேல் பழுப்போ ஆரஞ்சோ அடித்தால் மறைந்துபோகும். அடர்ந்த பச்சை அல்லது கருநீலம் மூன்றின்மேலும் நிற்கும். திரையில் பளபளக்கும் பச்சை அச்சில் மங்கித்தான் வரும், அதனால் மொபைலைப் பார்த்து முடிவு செய்யாமல் அச்சடித்த மாதிரியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

படத்தைவிடப் பெயருக்கு அதிக இடம் கொடுங்கள். தமிழ் எழுத்தில் கவனிக்க வேண்டியது சுழியும் புள்ளியும். தடித்த எழுத்துருவில் ண, ஞ போன்றவற்றின் உள்வெளி மையில் அடைத்துக்கொள்ளும், மெலிந்த எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல்போகும். முக்தா மலர், பவனம் மாதிரி கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்களைப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்கும் தடை இல்லை. படம் உருவாக்கித் தரும் ஏஐ செயலிகளிடம் தமிழ்ப் பெயரை எழுதக் கேட்காதீர்கள், எழுத்தைச் சிதைத்துவிடக்கூடும்.

மருமகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் வரைந்ததைப் படம் பிடித்து, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் கோடுகளாக மாற்றச் சொல்லுங்கள். எஸ்விஜி, பிடிஎஃப் இரண்டிலும் சேமிக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய்ப் பாட்டிலிலிருந்து தோட்டத்து போர்டு வரைக்கும் எந்த அளவுக்கும் உடையாமல் விரியும், மொபைல் செயலி தருகிற ஜேபெக் படம் பெரிதாக்கினால் கலங்கும். பெயரின் எழுத்துகளையும் கோடுகளாக மாற்றிவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாதபோது வேறு ஏதோ வந்து நிற்கும்.

வெளியே கொடுத்துச் செய்தால், மூலக் கோப்பையும், படைப்புரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாகக் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொண்டு பணத்தை முடியுங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். தெரிந்தவர்தானே என்று இதைக் கேட்காமல் விடுவதுதான் நம்மிடம் இருக்கும் பழக்கம், பின்னால் மனத்தாங்கல் வருவதும் அங்கேதான்.

கேள்வி: பெயர் தமிழில் மட்டும் இருந்தால் பெங்களூர்க் கடைகளில் எடுப்பார்களா? சட்டப்படி ஆங்கிலம் வேண்டும் என்கிறார்களே?
(வாசகர், தாராபுரம்)

பதில்: இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உணவு லேபிளில் கட்டாயமாகச் சொல்ல வேண்டிய விவரங்கள், அதாவது என்ன பொருள், என்னென்ன சேர்ந்திருக்கிறது, எடை, தேதி, தயாரிப்பாளர் முகவரி போன்றவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், கூடவே தமிழிலும் போடலாம். லோகோ தமிழில் மட்டும் இருக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. தமிழில் பெரிதாக, அடியில் ஆங்கிலத்தில் சிறிதாக எழுதுங்கள், அவர்களும் படித்துக்கொள்வார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும், சைவத்துக்கான பச்சைப் புள்ளியும் லேபிளில் தனியாக வரவேண்டியவை, அவற்றை லோகோவுக்குள் திணிக்காதீர்கள். சான்றிதழ் கையில் இல்லாமல் ஆர்கானிக் என்ற சொல்லை லோகோவில் சேர்ப்பதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தச் சொல்லுக்கு 2017 முதல் தனி விதிமுறையே இருக்கிறது. பிஜிஎஸ் என்கிற பங்கேற்பு உத்தரவாத முறையில் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு குழுவாகச் சேர்ந்து சான்று வாங்கலாம். வாங்கிய பிறகு அதற்குரிய முத்திரையைத் தனியாகப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் தென்னை, ஜாதிக்காய், கோகோ, வாழை என்று ஆளாளுக்கு அவரவர் பயிர் லோகோவில் வரவேண்டும் என்கிறார்கள். கூட்டம் முடியவே மாட்டேன் என்கிறது.
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: எந்தப் பயிரையும் வைக்காதீர்கள், எல்லோருக்கும் சமம். பெயரை மட்டும் நல்ல எழுத்தில் எழுதி அதையே லோகோவாக வைத்துக்கொள்ளலாம். பயிர்ப் படத்தை அந்தந்தப் பொருளின் லேபிளில் போடுங்கள், அதுதான் அதற்கான இடம்.

கேள்வி: ஈரோடு மஞ்சள் என்ற பெயரோடு லோகோ செய்து டிரேட்மார்க் வாங்கலாமா? எவ்வளவு ஆகும்?
(வாசகி, பெருந்துறை)

பதில்: அந்தப் பெயரைத் தனி ஆள் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அது அந்த வட்டாரத்து விவசாயிகள் எல்லோருக்கும் உரியது. அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்துகொள்ளலாம், அதைச் செய்யுங்கள், உங்கள் மஞ்சளுக்கு அது மதிப்பு. டிரேட்மார்க்குக்கு உங்களுக்கே உரிய வேறு பெயர் வேண்டும். சுத்தமான மஞ்சள், நல்லெண்ணெய் என்று பொருளையே விவரிக்கிற பெயர்களும் பெரும்பாலும் நிராகரிக்கப்படும்.

தனிநபராக இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். மஞ்சள்தூள், நாட்டுச்சர்க்கரை, அரிசி எல்லாம் 30-ஆம் வகை, சமையல் எண்ணெயும் நெய்யும் 29, பதப்படுத்தாத விளைபொருளும் நாற்றும் விதையும் 31. எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் கட்டாமல் இப்போது விற்கிற பொருளுக்கு மட்டும் கட்டுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசத் தேடல் இருக்கிறது, பெயரையும் அதே மாதிரி ஒலிக்கும் பெயர்களையும் தேடிப் பாருங்கள். உங்கள் விண்ணப்பம் பதிவகத்தின் பத்திரிகையில் வெளியானபிறகு எதிர்ப்புச் சொல்ல மற்றவர்களுக்கு நான்கு மாதம் அவகாசம் உண்டு. பதிவானால் 10 வருடம் செல்லும், அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே டி.எம். என்ற எழுத்துகளைப் பெயரின் ஓரத்தில் போட்டுக்கொள்ளத் தடையில்லை. வட்டத்துக்குள் ஆர் எழுத்தை மட்டும் பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை போடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். அதனால் பைக்கு ஆர்டர் கொடுக்கும்போது அச்சகத்தில் வழக்கமாகச் சேர்க்கிறார்கள் என்று அந்த வட்டம் உங்கள் லோகோவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடாமல் புரூஃபிலேயே பார்த்து எடுக்கச் சொல்லிவிடுங்கள்.