அந்த 500 டாலரை வாங்காதே, தம்பி

டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் டெக்சாஸ் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் ஒரு இந்திய உணவகக்காரர் இன்ஸ்டாகிராமில் தன் கடையைப் பற்றி ஒரு வீடியோ போட்டால் 500 டாலர் தருகிறேன் என்கிறார், கூட ஆடும் பையன்கள் எல்லாம் இப்படி வாங்குகிறார்கள், நானும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். குளிர்கோட்டு, குக்கர் விஷயமெல்லாம் உன் சீனியர்கள் சொல்வார்கள். எனக்கு இந்த 500 டாலர்தான் கவலை.

வாங்காதே தம்பி. கூட ஆடுகிறவர்கள் இந்த ஊர்க் குடிமக்கள். தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்க, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அவர்களுக்கு 2021 ஜூலையில் வழிவிட்டது. நீ எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருக்கிறாய். உனக்கு உள்ளது கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேர வேலை. வெளியே காசுக்கு வீடியோ எடுத்தால் அது அனுமதியில்லாத வேலை, விசாவே போய்விடும். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆடிய ஆஸ்கர் ஷீப்வே அப்போது நாட்டிலேயே சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களில் ஒருவர். மாணவர் விசாவில் இருந்ததால் 2022-ல் அணி பஹாமாஸ் போனபோது, அமெரிக்காவுக்கு வெளியே அங்கே வைத்துத்தான் அவர் விளம்பர வேலைகளை முடித்தார். அவருக்கே அந்த நிலைமை.

"ஒன்றும் ஆகாது, கையில் வாங்கிக்கோ" என்று நம்மவர்களே சொல்வார்கள். சொல்கிறவர் கையில் கிரீன் கார்டு இருக்கும். பிரச்சினை வந்தால் விமானம் ஏறப்போவது நீ.

விளையாட்டு மாணவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஸ்டேடியத்தை நிரப்புகிறவன் பசியோடு இருக்கக் கூடாது. வீரர்கள் போட்ட வழக்கில் 2025 ஜூனில் வந்த தீர்வுப்படி ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம்; முதல் ஆண்டான 2025-26-க்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஆனால் அதில் பெரும்பங்கு அமெரிக்க ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. அந்தச் செலவைக் காட்டி டென்னிஸ் அணியையே மூடிய கல்லூரிகளும் உண்டு.

உன் தங்கை அடுத்த வருஷம் வரலாமா என்றும் கேட்டாய். வரட்டும். ஆனால் ஆள் எடுக்கும் முறையே மாறிவிட்டது. இந்தத் தீர்வை ஏற்ற கல்லூரிகளில் டென்னிஸ் அணிக்கு 10 பேர்தான். கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், வேறு கல்லூரியில் இரண்டு வருஷம் ஆடி ஜெயித்த ஆள் கிடைக்கும்போது, பள்ளி முடிக்கிற பிள்ளைக்கு கோச் இடம் ஒதுக்கத் தயங்குகிறார். "விளம்பரத்திலேயே லட்சக்கணக்கில் வரும்" என்று ஊரில் எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஸ்காலர்ஷிப் எத்தனை சதவீதம், எத்தனை வருஷம், காயம்பட்டால் என்ன என்பது கல்லூரி கையெழுத்திட்ட கடிதத்தில் இருக்க வேண்டும்.

நான் அப்படித்தான் ஏமாந்தேன். 2010 ஆகஸ்டில் ஒஹையோ வந்தேன். ஏஜென்ட் முழு ஸ்காலர்ஷிப் என்று சொல்லித்தான் அப்பாவிடம் பணம் வாங்கினார். இங்கே வந்து பார்த்தால் பாதிதான். அப்போது ஆண்கள் டென்னிஸ் அணிக்கு மொத்தமே நான்கரை ஸ்காலர்ஷிப், அதை ஒன்பது பேர் பங்கு போட்டோம். பயிற்சி முடிந்ததும் மேசையில் பேகல் ரொட்டி வைப்பார்கள். ரொட்டியும் பழமும் தரலாம், மேலே தடவ க்ரீம் சீஸ் தரக் கூடாது, தந்தால் அது சாப்பாட்டுக் கணக்கில் வந்துவிடும் என்பது அன்றைய விதி. காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு வகுப்புக்கு ஓடுவேன். வீரர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடலாம் என்று விதியை மாற்றியது 2014-ல், நான் பட்டம் வாங்கிய வருஷம்.

மீதிச் செலவுக்கு வளாக உணவுக்கூடத்தில் தட்டு கழுவினேன். அங்கே மேற்பார்வை பார்த்த அம்மா ஒருவர், ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் முடிந்ததும் ஒரு தட்டில் சோறும் பீன்ஸும் குவித்து என் முன்னால் வைப்பார். இதை வாங்கினால் டீமில் பிரச்சினை வருமா என்று முதல் நாள் பயந்துகொண்டே கேட்டேன். "இது வேலை செய்கிறவனுக்குப் போடுகிற சாப்பாடு, உட்கார்ந்து சாப்பிடு" என்றார். ஈரக் கையோடு அங்கேயே ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.