240 இருந்த எண் 6 ஆகிவிட்டது: ஹெபடைட்டிஸ் பி ஊசியை மறுபடி போட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 31 வயது, கணக்குப் பிரிவில் வேலை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்த ஆன்டிபாடி டெஸ்டில் 240 வந்தது. போன மாதம் முழு உடல் செக்கப்பில் அது வெறும் 6. ரிப்போர்ட்டில் 'பாதுகாப்பு இல்லை' என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தவர், மூன்று டோஸையும் மறுபடி போட வேண்டும், அதற்கு முன் பி செல் டெஸ்டும் எடுத்துவிடுங்கள் என்கிறார். முன்பணம் கட்டிவிட்டேன். எனக்கு வேறு நோய் கிடையாது, மருந்து எதுவும் எடுப்பதில்லை.

பதில்: ஊசி வேண்டாம். அந்த பி செல் டெஸ்ட் நிச்சயமாக வேண்டாம். உங்கள் தடுப்பாற்றல் எங்கும் போய்விடவில்லை.

தடுப்பூசி போட்டதும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸை அடையாளம் காணும் பி செல்கள் (ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை) பெருகுகின்றன. அவற்றில் ஒரு பங்கு பிளாஸ்மா செல்லாக மாறும். அதற்கு ஒரே வேலைதான்: வைரஸைப் பிடித்து முடக்கும் புரதமான ஆன்டிபாடியைச் சுரப்பது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் சுரக்கும். பெரும்பாலான பிளாஸ்மா செல்கள் சில வாரங்களுக்குள் செத்துவிடும். கொஞ்சம் மட்டும் எலும்பு மஜ்ஜைக்குப் போய், அங்கே இடம் பிடித்து, வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடியோ சுமார் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எண், அந்த ஊசிக்காக உருவான பிளாஸ்மா செல்களில் எவ்வளவு இன்னும் வேலை செய்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. ஒன்பது ஆண்டில் அது குறைவது சகஜம்.

இன்னொரு பங்கு பி செல்கள் நினைவுச் செல்களாகத் தங்கிவிடும். அவை ஆன்டிபாடி சுரக்காது; அதனால் இந்த டெஸ்டுக்கு அவை இருப்பதே தெரியாது. வைரஸ் உள்ளே வந்தால் சில நாட்களில் பெருகி, புதிதாகப் பிளாஸ்மா செல்களை உண்டாக்கிவிடும். ஹெபடைட்டிஸ் பி நிதானமாக வேலை செய்யும் வைரஸ். நோய் வெளிப்பட வழக்கமாக 60 முதல் 150 நாள் ஆகும். நினைவுச் செல்களுக்கு அது தாராளமான அவகாசம். அலாஸ்காவில் 1981-ல் தடுப்பூசி போட்டவர்களில் ஒரு பகுதியினரை 30 ஆண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு எண் 10-க்குக் கீழே போயிருந்தது. கீழே இருந்தவர்களுக்கு ஒரே ஒரு பூஸ்டர் போட்டதும் ஒரு மாதத்தில் 88 சதவீதம் பேருக்கு எண் ஏறிவிட்டது. நினைவுச் செல் இல்லாத உடம்பில் எண் அப்படி ஏறாது.

சரி, 10 என்ற எல்லைக்கோடு எதற்கு? மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில், ஊசி பிடித்ததா இல்லையா என்று பார்ப்பதற்கு. அந்தப் பரீட்சையில் நீங்கள் 240 வாங்கித் தேறிவிட்டீர்கள். அதே கோட்டை ஒன்பது வருடம் கழித்து ரிப்போர்ட்டில் அச்சடித்து, கீழே போனதும் சிவப்பு மை பூசுவது லேப் மென்பொருளின் பழக்கம். ஊசி எப்போது போட்டீர்கள், முன்பு எவ்வளவு இருந்தது என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. இதை மாற்றுங்கள் என்று என் போன்றவர்கள் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சிவப்பு மையால் வியாபாரம் நடக்கும்போது அதை யார் நீக்குவார்கள்?

அந்த பி செல் டெஸ்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் எரிச்சல் முக்கால்வாசி அதன்மேல்தான். ரத்தத்தில் மொத்தம் எத்தனை பி செல் இருக்கிறது என்று எண்ணிச் சொல்வார்கள், அவ்வளவே. அதில் எத்தனை ஹெபடைட்டிஸ் பி-யை நினைவில் வைத்திருக்கிறது என்று அதில் தெரியாது. அதைப் பார்க்க ஆய்வுக்கூடத்தில் செல்களைப் பல நாள் வளர்த்து, தூண்டிவிட்டுப் பார்க்க வேண்டும். செக்கப் பேக்கேஜில் அது கிடையாது. நீண்ட நாள் வாழும் பிளாஸ்மா செல்களோ மஜ்ஜைக்குள் உட்கார்ந்திருக்கின்றன, கையில் எடுக்கும் ரத்தத்தில் அகப்படாது. ரத்தம் எடுக்க வருபவருக்கு டெஸ்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் இருக்கலாம். அவரிடம் ரத்தத்தைக் கொடுங்கள், ஆலோசனை கேட்காதீர்கள். 'பி செல்லை வளர்க்கும்' பவுடர், மாத்திரை என்று அடுத்து யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

நான் சொன்னது நலமாக இருப்பவர்களுக்கு. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வருடா வருடம் டெஸ்ட் எடுத்து, 10-க்குக் கீழே போனால் பூஸ்டர் போடுவது முறை. ஆனால் யாரும் எடுத்துச் சொல்லாத விலக்கு ஒன்று இருக்கிறது: ரிட்டுக்ஸிமாப். சிலவகை ரத்தப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கும் மருந்து இது. பி செல்லின் மேல் இருக்கும் சிடி20 என்ற புரதத்தைப் பிடித்து அந்தச் செல்லை அழிக்கும். நினைவுச் செல்லிலும் அந்தப் புரதம் உண்டு, பிளாஸ்மா செல்லில் கிடையாது. விளைவு என்ன? பழைய ஆன்டிபாடி எண் பெரிதாக அசையாமல் நிற்கலாம், பின்னால் இருக்க வேண்டிய நினைவுச் செல் படையோ காலி. உங்கள் நிலைமைக்கு நேர் தலைகீழ். ரிப்போர்ட் கறுப்பு மையில் அழகாக இருக்கும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். மருந்து ஏறிய பின் சில மாதங்களுக்குப் புதிதாகப் போடும் தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. அதனால் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து, எப்போதோ இந்த வைரஸ் வந்து, தானாகவே அடங்கியவர்களுக்கு. ரிட்டுக்ஸிமாப் கொடுத்தால் கல்லீரலில் ஒளிந்திருக்கும் வைரஸ் மறுபடி கிளம்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போடும் கடும் எச்சரிக்கையிலேயே இதை வலியுறுத்தியது. ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மருந்தைத் தொடங்குவதாகச் சொன்னால், அதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி-க்கு மேலுறை ஆன்டிஜன் (HBsAg, வைரஸ் இப்போது இருக்கிறதா என்று காட்டுவது), மையப்பகுதி ஆன்டிபாடி (anti-HBc, எப்போதாவது வந்து போனதா என்று காட்டுவது) இரண்டு டெஸ்டும் எடுத்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது மேலுறை ஆன்டிபாடி, அது இதற்குப் போதாது.

அப்புறம், இந்தக் கணக்கை எல்லா நோய்க்கும் போடாதீர்கள். டெட்டனஸில் நஞ்சு வேகமாக வேலை செய்யும், நினைவுச் செல் விழிக்கும்வரை காத்திருக்காது. அதனால்தான் அதற்குப் பூஸ்டர். நாய் கடித்தால், ரேபிஸுக்கு முன்பு ஊசி போட்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால், மறுபடி ஊசி போட எந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தார், அந்தச் சீட்டைக் காட்டுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 240 வந்த பழைய ரிப்போர்ட்டை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த செக்கப்பில் இந்த எண் 4 என்று வந்தாலும் என் பதில் இதேதான்.