போனது துணியா, நூலா?

கேள்வி: என்னிடம் 14 அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. அதன் மேல் போடும் அக்ரிலிக் துணி உறை ஆறு வருடப் பழசு. நடுத் தையல் ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. ஓரத்தில் இரண்டு ஐலெட் (கயிறு கோக்கும் வளையம்) பிய்ந்துவிட்டன. மழை பெய்தால் உள்ளே சொட்டுகிறது. உறை தைத்துத் தருபவரிடம் காட்டினால், "துணியே போச்சு, தைச்சாலும் நிக்காது, புதுசு போட்டுடுங்க" என்கிறார். இன்னொருவர், வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே அடித்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். உங்கள் கட்டைவிரல் நகத்தைக் கேளுங்கள்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உறையைக் காயவைத்துத் தரையில் விரியுங்கள். தையல் இன்னும் பிரியாத ஒரு இடத்தில், மேல்பக்கம் தெரியும் நூலின் மேல் நகத்தை வைத்து அழுத்தி, தையல் போகும் திசையிலேயே ஒரு சாண் தூரம் சுரண்டுங்கள். நல்ல நூலாக இருந்தால் ஒன்றும் ஆகாது, நகம்தான் வலிக்கும். செத்த நூலாக இருந்தால் பொடிப்பொடியாகப் பஞ்சு மாதிரி உதிரும். இப்போது உறையைப் புரட்டி அதே தையலின் அடிநூலை இழுத்துப் பாருங்கள். பல உறைகளில் மேல்நூல் மாவாகிக் கிடக்கும், அடிநூல் கயிறு மாதிரி விறைப்பாக இருக்கும். ஒரே நூல்கண்டு, ஒரே வயது. ஒன்று வெயிலில் கிடந்தது, இன்னொன்று நிழலில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து துணி. உறையிலேயே அதிக வெயில் வாங்கும் இடம் எது என்று பாருங்கள். பெரும்பாலும் நடு முதுகு, அல்லது முன்கண்ணாடிச் சட்டம் முட்டும் இடம். அங்கே இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துணியைப் பிடித்து, காகிதம் கிழிப்பது போல எதிரெதிர் திசையில் முறுக்கி இழுங்கள். கிழியவில்லை என்றால் துணிக்கு உயிர் இருக்கிறது. பழைய செய்தித்தாள் போல விட்டுக்கொடுத்தால் இற்றுவிட்டது என்று பொருள். இற்ற துணியில் எவ்வளவு நல்ல தையல் போட்டாலும், தையலுக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கிழியும்.

இந்த இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் "துணியே போச்சு" என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் உறையைப் பார்க்கவில்லை.

ஏன் நூல் முதலில் போகிறது? படகு உறைக்குப் போடும் நல்ல அக்ரிலிக் துணியில், இழையாக்கும் முன்பே நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். அதனால் இழையின் உள்வரை நிறம் இருக்கும், வெயிலையும் வருடக்கணக்கில் தாங்கும். அதைத் தைப்பதோ பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலில். அது ஒல்லி, போதாக்குறைக்குத் துணியின் முதுகில் புடைத்துக்கொண்டு நேராக வெயிலில் கிடக்கிறது. துணிக்குப் பத்து வருடம் ஆயுள் என்று விற்பார்கள், அதில் பாதிக் காலம்கூடத் தாங்காத நூலால் தைப்பார்கள். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் எனக்குப் பழகவில்லை.

உங்கள் கடிதத்தில் தையல் பிரிந்ததாக எழுதியிருக்கிறீர்கள், துணி கிழிந்ததாக எங்கும் எழுதவில்லை. ஆறு வருட அக்ரிலிக் என்றால், என் கணிப்பு: நூல் போயிருக்கிறது, துணி பிழைத்திருக்கிறது. நகம் அதையே சொன்னால், மறுதையல் போடச் சொல்லுங்கள். பிரிந்த ஒரு முழத்துக்கு மட்டும் அல்ல, மேல்பக்கத் தையல் அத்தனைக்கும். பிரியாத தையலும் அதே நூல்தான். இன்று ஒரு முழம், அடுத்த காற்றில் அடுத்த முழம்.

நூல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அடம்பிடியுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் மக்கும், நைலான் நூல் வெயிலில் சீக்கிரம் போகும், இரண்டும் வேண்டாம். குறைந்தபட்சம் வெயில் தாங்கும் பூச்சுள்ள தடித்த பாலியெஸ்டர். முடிந்தால் பி.டி.எஃப்.இ. நூல். ஒட்டாத வாணலியில் பூசுகிறார்களே, அந்த வகைப் பொருள். வெயில் அதை ஒன்றும் செய்யாது, துணி சாகும்வரை நிற்கும். விலை பாலியெஸ்டர் நூலைப்போலப் பல மடங்குதான். ஆனால் ஒரு உறையின் மொத்தச் செலவில் நூலின் பங்கு எவ்வளவு சின்னது என்று கணக்குப் போட்டால் நீங்களே கேட்டு வாங்குவீர்கள். தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். "நெருக்கமா அடிச்சுத் தரேன், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்பார்கள். நெருக்கமாகக் குத்தினால் தபால்தலை ஓரம் போல ஓட்டை வரிசைதான் கிடைக்கும், கிழிக்க வசதியாக.

சரி, உங்களுக்கு ஏன் புதுசு போடச் சொன்னார்கள்? பல இடங்களில் உங்கள் உறையை வாங்கிக்கொள்பவர் தைப்பவர் அல்ல. படகுத்துறையில் நின்று அளவெடுப்பார், எங்கோ இருக்கும் தையல் பட்டறைக்கு அனுப்புவார், நடுவில் தன் பங்கை எடுத்துக்கொள்வார். மறுதையலில் அவருக்கு என்ன மிஞ்சும்? பழைய தையலைச் சுத்தம் செய்யவேண்டும், அழுக்கு உறையை மெஷினில் ஏற்றவேண்டும், பட்டறைக்காரரும் முகம் சுளிப்பார். புது உறை என்றால் துணியிலும் கூலியிலும் கமிஷன். அவர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்லமாட்டேன். பலருக்கு உண்மையாகவே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் மெஷினில் உட்காருபவரைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். என்ன நூல் என்று அவரிடம் கேளுங்கள். கண்டைக் கையில் எடுத்துக் காட்டினால் வேலையைக் கொடுக்கலாம். "நல்ல நூல்தான் சார்" என்று மட்டும் பதில் வந்தால் உறையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

இப்போது ஸ்ப்ரேக்காரரிடம் வருவோம். அக்ரிலிக் துணி பிளாஸ்டிக் ஷீட் அல்ல. அது மூச்சுவிடும். மேலே உள்ள ஒரு பூச்சுதான் தண்ணீரை முத்துமுத்தாக உருட்டிவிடுகிறது. அழுக்கும் தேய்மானமும் சேரச்சேர அந்தப் பூச்சு போய்விடும், துணி தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்கும். அப்போது ஸ்ப்ரே உதவும். ஆனால் பிரிந்த தையலை எந்த ஸ்ப்ரேயும் மூடாது. அழுக்குத் துணிமேல் அடித்தால் அழுக்கைத்தான் பத்திரப்படுத்துவீர்கள். முதலில் குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, மெத்தென்ற பிரஷ். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், இருக்கிற பூச்சையும் உரித்துவிடும். சோப்பு கொஞ்சமும் மிஞ்சாமல் அலசுங்கள். மிஞ்சினால் அதுவே தண்ணீரை உள்ளே இழுக்கும். நிழலில் முழுக்கக் காயவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்தாக உருண்டு ஓடினால் ஸ்ப்ரே வாங்கும் காசு மிச்சம். படர்ந்து கறுத்தால் மட்டும் வாங்குங்கள், சிலிகான் அல்லாமல் ஃப்ளூரோகார்பன் வகையாக.

இந்த இரண்டு பேருமே பேசாத ஒரு விஷயம் உங்கள் ஐலெட். ஐலெட் தானாகப் பிய்வதில்லை. உறை நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கியிருக்கும். நீங்கள் தொய்வைப் போக்கக் கயிற்றை இன்னும் இறுக்கியிருப்பீர்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்பில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 50 லிட்டர், அதாவது 50 கிலோ. ஒரு ஆள் உறையின் மேல் ஏறிப் படுத்திருப்பது போல. அந்தப் பாரம் முழுக்கத் தையலிலும் ஐலெட்டிலும்தான் தொங்கும். கயிற்றை இறுக்குவதால் அது குறையாது, உள்ளேயிருந்து ஒரு கம்பு முட்டுக்கொடுத்து முதுகை உயர்த்தினால்தான் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடும். கம்பின் தலையில் அகலமான மொட்டு வேண்டும், இல்லாவிட்டால் கம்பே துணியைக் குத்தும். ஐலெட்டைப் புதிதாக அடிக்கும்போது பிய்ந்த ஓட்டையிலேயே பெரிய ஐலெட்டாக அடிக்க விடாதீர்கள். உள்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அதே துணியில் ஒட்டுப்போட்டு, அதற்கும் சேர்த்து அடிக்கவேண்டும். ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டச் சொல்லுங்கள். கூர் மூலையில்தான் ஒட்டு உரியத் தொடங்கும். கண்ணாடிச் சட்ட முனை, கயிறு கட்டும் கொக்கி, மோட்டார் தலை, இங்கெல்லாம் உள்ளே ஒரு தடித்த துணியை வைத்துத் தையுங்கள். படகு ஆடும்போதெல்லாம் உறை அங்கேதான் உரசுகிறது.

ஜிப்பும் போயிருந்தால் முழு ஜிப்பையும் மாற்றாதீர்கள். பெரும்பாலும் மேலும் கீழும் இழுக்கும் ரன்னர்தான் அரித்திருக்கும்.

துணி இற்றிருந்தால் தையல் போட்டுப் பயனில்லை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு விலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்ல யாருக்கும் லாபம் இல்லை. உறையில் வெயில் ஒரே மாதிரி விழுவதில்லை. மேல் முதுகு நாள் முழுக்க வாங்குகிறது, பக்கவாட்டுத் தொங்கல் பாதிதான் வாங்குகிறது. அதனால் முதுகு இற்று, பக்கங்கள் திடமாக இருக்கும் உறைகள் நிறைய. உங்கள் உறை தனித்தனித் துண்டுகளாக வெட்டித் தைத்ததாக இருந்தால், முதுகுத் துண்டை மட்டும் பிரித்தெடுத்து, அதையே அச்சாக வைத்துப் புதுத் துண்டு வெட்டி அதே இடத்தில் தைக்கலாம். ஐலெட், ஜிப், விளிம்புப் பட்டி என்று அதிகக் கூலி பிடிக்கும் எல்லாமே பக்கங்களில்தான் இருக்கிறது. அது அப்படியே மிஞ்சும். ஆனால் பக்கத் துணியையும் முன்பு சொன்னபடி முறுக்கிப் பார்க்கவேண்டும், விளிம்பில் மட்டும் அல்லாமல் தையலை ஒட்டி ஒரு விரல் தள்ளி. புதுத் துண்டு பழைய துணியோடு சேரும் இடம் அதுதான். பழைய துணி கொஞ்சம் சுருங்கியிருக்கும், அல்லது இழுபட்டு நீண்டிருக்கும். அதனால் புதுத் துண்டைப் படகின் மேல் போட்டு ஊசி குத்திப் பார்த்துத் தைக்கவேண்டும், மேசையில் வைத்து அல்ல. நிறம் பொருந்தாது, அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கமும் சந்தேகமாக இருந்தால், அல்லது ஒரே துணியில் வெட்டிய உறையாக இருந்தால், இந்த யோசனையை விட்டுவிடுங்கள், முழுதாகவே புதுசு போடுங்கள்.

புதுசுதான் என்று ஆனால் சில பொறிகள். 600 டெனியர், 1200 டெனியர் என்று எண்ணைக் காட்டி மயக்குவார்கள். 9000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பதே டெனியர். இழை எவ்வளவு தடிமன் என்று சொல்லும், வெயிலில் எத்தனை வருடம் நிற்கும் என்று சொல்லாது. "மரைன் கிரேடு" என்பதும் அப்படியே. யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். நிறம் இழைக்குள் கலந்ததா, மேலே சாயம் போட்டதா என்று கேளுங்கள். ஒரு நூலைப் பிரித்து நடுவில் வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளுப்பாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மலிவு என்று முழுக்கப் பிளாஸ்டிக் பூசியதை வாங்கினால், காற்றோட்டத்துக்கு வழி வைக்காவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

பழைய உறையைக் கொடுத்து "இதே மாதிரி" என்று சொல்லவே சொல்லாதீர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒன்றைத் தைத்துக் கொடுத்தேன். பழையதில் எங்கே தண்ணீர் தேங்கியதோ, சரியாக அதே இடத்தில் புதியதிலும் தேங்கியது. தொய்வையும் சேர்த்து நகல் எடுத்திருந்தேன். படகின் மேல்தான் அளவெடுக்கவேண்டும், முட்டுக்கம்பை நிறுத்திவிட்டு.

உத்தரவாத அட்டையை நம்பி ஏமாறவேண்டாம். பத்து வருடம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது பெரும்பாலும் துணிக்கு மட்டும். நூலுக்கு இல்லை, ஜிப்புக்கு இல்லை, தையல் கூலிக்கும் இல்லை. அதாவது எது முதலில் போகுமோ அதைத் தவிர மற்றதற்கு உத்தரவாதம். கேட்கப் போனால் தைத்தவர் விற்றவரைக் காட்டுவார், விற்றவர் ஆலையைக் காட்டுவார், ஆலை முதல் பில்லைக் கேட்கும். காப்பீட்டிலும் "தேய்மானம்" என்று ஒரே வார்த்தையில் கடிதம் வரும். அந்தக் கடிதப் போக்குவரத்துக்குச் செலவாகும் நேரத்தில் உறையை இரண்டு முறை தைத்துவிடலாம்.

ஆக, உங்கள் உறையைக் கழுவிக் காயவைத்து, நகத்தால் சுரண்டி, விரலால் முறுக்கிப் பாருங்கள். துணி நின்றால் மேல்தையல் முழுக்க மறுபடி, ஐலெட்டுக்கு ஒட்டு, உள்ளே ஒரு முட்டுக்கம்பு. கொடுப்பதற்கு முன்னால் வேலை செய்யவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் சாக்பீஸால் வட்டம் போட்டு, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் போடாதீர்கள், அந்தக் கறை போகாது.