கடலுக்குப் போகும் நாளில் சுகர் மாத்திரையை விடலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 49 வயது, விசைப்படகில் கடலுக்குப் போகிறார். சர்க்கரை நோய் வந்து ஆறு வருடமாகிறது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கரையில் இருந்தால் நான் எடுத்துக் கொடுப்பதைப் போடுகிறார். கடலுக்குப் போனால் கொடுத்து விடுவது அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால் 'மறந்துட்டேன்' என்கிறார். வாரத்தில் மூன்று நாள் விட்டால் என்ன ஆகும்? ஊருக்கு முகாம் போட வந்த ஒருவர், 45 நாள் பொடி சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று சொல்லி 3,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா டாக்டர்?

பதில்: பொடியை வாங்காதீர்கள், அம்மா. ஏன் என்பதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் மாத்திரை.

உங்கள் வீட்டுக்காரர் மறப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஐஸ், டீசல், வலை, குடிதண்ணீர், கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் என்று ஒன்று விடாமல் பார்த்து ஏற்றிக்கொண்டு போகிறவர் மாத்திரையை மட்டும் ஒவ்வொரு முறையும் மறப்பாரா? அவர் தவிர்க்கிறார். எதற்காகத் தவிர்க்கிறார் என்று இந்த ஆறு வருடத்தில் எந்த மருத்துவராவது உட்கார வைத்துக் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம். "ஒழுங்கா போடுறீங்களா?" என்று தலை நிமிராமல் கேட்பார்கள், "போடுறேன் சார்" என்று அவரும் சொல்லியிருப்பார். அதோடு அடுத்த ஆள்.

இந்தக் கரையில் நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் வயிறுதான். சர்க்கரைக்கு முதலில் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், இளக்கமாகப் போக வைக்கும். வீட்டில் இருக்கும்போது அது பெரிய தொல்லை இல்லை. ஏழெட்டுப் பேர் நிற்கிற, ஒதுங்க இடமில்லாத படகில் அது பெரிய அவமானம். அதை மனைவியிடம் சொல்லக்கூட ஆண்களுக்குக் கூச்சம். 'மறந்துட்டேன்' என்பது சொல்ல எளிதாக இருக்கிறது. இன்னும் சிலருக்கு, மாத்திரை போடுவதைக் கூட்டாளிகள் பார்த்தால் 'சுகர்காரன்' என்று பெயர் விழுந்து அடுத்த முறை கடலுக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம். திட்டாமல், தனியாக இருக்கும்போது, "வயித்துக்கு ஒத்துக்கலையா?" என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

காரணம் வயிறு என்றால் வழி இருக்கிறது. மெட்ஃபார்மினிலேயே மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும் வகை உண்டு. வயிற்றுத் தொல்லை அதில் குறைவு. பலருக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். அதை உடைக்காமல், மெல்லாமல், சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். நேரத்தையும் பாருங்கள். காலையில் புறப்படும் படகு மறுநாள் காலை கரை சேர்கிறது. இரவு மாத்திரை கடலில் விழும், காலை மாத்திரை இரண்டு நாளும் கரையில் விழும். ஆகவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "இவர் ராத்திரி கடல்ல இருப்பார். எல்லாத்தையும் காலைச் சாப்பாட்டோடு ஒரே வேளையா மாத்த முடியுமா?" எல்லா மாத்திரையையும் அப்படி மாற்ற முடியாது. அவர் மாற்றி எழுதினால் மட்டும் மாற்றுங்கள், வீட்டிலேயே நேரத்தை நகர்த்தாதீர்கள். முந்தின நாள் விட்டதற்காக மறுநாள் இரண்டாகப் போடவும் கூடாது.

மூன்று நாள் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்பு மூன்றும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கெடும். வெறுங்காலோடு மீன் முள்ளிலும் சங்கிலும் நடக்கிறவருக்குக் காலில் உணர்வு குறைந்தால், குத்தியது தெரியாமலே புண் பெரிதாகிவிடும். மாத்திரையால் கிட்னி போகும் என்று ஊரில் சொல்வார்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் விடுவதால்தான் கிட்னி போகிறது.

இதைவிட உடனடியான ஆபத்து ஒன்று உண்டு, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பாதி மாத்திரையை விட்டுவிட்டு "போடுறேன்" என்று சொன்னால், ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்து மருத்துவர் அளவைக் கூட்டுவார், வீரியமான இன்னொன்றைச் சேர்ப்பார். பிறகு ஏப்ரல் 15 வரும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஆள் வீட்டில் இருப்பார். நீங்கள் வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பீர்கள். கூட்டி எழுதிய அளவு முழுசாக உள்ளே போகும், சர்க்கரை அளவுக்கு மீறி மளமளவென்று இறங்கி ஆள் மயங்கலாம். அதனால் அடுத்த முறை போகும்போது விட்ட நாட்களை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். பரிசோதனைக்கு முந்தின நாலு நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டு ஏமாற்றவும் முடியாது. எச்பிஏ1சி என்ற பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும்.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். 'மாத்திரையை விடாதே' என்று சொன்னேன். சாப்பிடாமல் போடவே கூடாத மாத்திரைகளும் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. கடல் கொந்தளிக்கிறது, சமைக்க முடியவில்லை, வெறும் டீயோடு வலை இழுக்கிறார் என்றால் அந்த வேளை அந்த மாத்திரை வேண்டாம். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். வலை இழுக்கும் வின்ச்சும் கயிறும் ஓடுகிற இடத்தில் அந்த நிலை உயிருக்கே ஆபத்து. மேலே மது வேறு போனால் இன்னும் மோசம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி ஒரு முறை. தெளிந்ததும் சோறு சாப்பிட வேண்டும், ஏனென்றால் இந்த மாத்திரைகளின் வேலை பல மணி நேரம் நீடிக்கும், இறக்கம் திரும்ப வரும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் படகைக் கரைக்குத் திருப்ப வேண்டும். இதற்காகவாவது கூட்டாளி ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும். பல சமயம் மெட்ஃபார்மினும் இப்படி இன்சுலினைத் தூண்டும் மருந்தும் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்து வரும், பார்த்தால் தெரியாது. மருந்து வாங்கும் இடத்திலேயே "சாப்பிடாம போடக்கூடாதது இதில் எது?" என்று கேட்டு அந்த அட்டையில் சிவப்பு மையால் புள்ளி வைத்துவிடுங்கள். வாந்தி பேதி இருக்கும் நாளில் எந்த மாத்திரையானாலும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

இப்போது அந்தப் பொடி. இந்த ஆட்கள் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை ஒரே மாதிரிதான் வருகிறார்கள். முதல் நாள் சாப்பிட்ட பிறகு விரலில் குத்திப் பார்ப்பார்கள், 280 என்று காட்டும். பத்து நாள் பொடி சாப்பிட்ட பின் வெறும் வயிற்றோடு வரச் சொல்லிக் குத்துவார்கள், 160 என்று காட்டும். "பாத்தீங்களா, இறங்கிடுச்சு!" சாப்பிட்ட பின் எடுத்ததையும் சாப்பிடாமல் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அப்பட்டமான மோசடி. அதையும் மீறி உண்மையாகவே இறங்கினால் இன்னும் பயப்பட வேண்டும். இப்படிப்பட்ட 'மூலிகை' மருந்துகளுக்குள் கிளிபென்கிளமைடும் மெட்ஃபார்மினும் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. எவ்வளவு கலந்தார்கள் என்று விற்கிறவருக்கே தெரியாது. மேலே சொன்ன மயக்கம் அதிலும் வரும். சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் சுவரெல்லாம் நோட்டீஸ், கல்யாண மண்டபத்தில் முகாம், கேட்பாரில்லை. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை என்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் படித்த மருத்துவர் இருக்கிறார், அவரிடம் போங்கள். அவரிடமும் இப்போது போடும் மாத்திரைகளைக் காட்டுங்கள்.

ஏற்கெனவே கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள். டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

அந்த 3,000 ரூபாய் இருந்தால் வேறு செலவுக்கு வையுங்கள், சர்க்கரை மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். வெளியே வாங்குவதானால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவு. 2021 ஆகஸ்டு முதல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அவர்கள் வரும் பகலில் உங்கள் வீட்டுக்காரர் கடலில் இருப்பார், அல்லது இரவெல்லாம் விழித்து ஏலம் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார். மருத்துவமனைக்கு நீங்கள் போனாலோ "ஆள் நேர்ல வரணும்" என்று திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு. மீனவர் ஊரில் படகு திரும்பும் நேரம் பார்த்து ஒரு மாலை வேளைச் சிகிச்சை நடத்த என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. டோக்கன் இல்லாத நாள் எது என்று நர்சம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒரு முறை வெள்ளை மாத்திரை தருவார்கள், அடுத்த முறை கம்பெனி மாறி வேறு நிறத்தில் வரும். 'இது வேற மருந்து' என்று பலர் போடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் பழையது, புதியது இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். அதனால் நிறத்தை நம்பாமல், அட்டையில் உள்ள பெயரையும் மில்லிகிராமையும் சீட்டோடு ஒப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். எந்த மாத்திரை, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தமிழில் பெரிதாக எழுதி வாங்குங்கள். "நேரமில்லை" என்பார்கள். எழுதித் தரும் வரை அந்த இடத்தை விட்டு எழாதீர்கள்.