டயப்பரா, வேட்டித் துணியா? துவைக்கிற கைக்கும் கூலி போட்டுப் பாருங்கள்

கேள்வி: எங்களுக்கு மூணு மாசப் பெண் குழந்தை இருக்குதுங்க. அவிநாசி பக்கம் கிராமம். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பிரிண்டிங் பட்டறையில் வேலை, சனிக்கிழமைச் சம்பளம். நானும் பிரசவத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன், ஷிப்டுக்கு 480 ரூபாய். இன்னும் மூணு மாசத்தில் திரும்பப் போகணும். இப்போ ஒரு நாளைக்கு ஆறு டயப்பர் ஆகுது, ஒண்ணு பத்து ரூபாய். "பழைய வேட்டியக் கிழிச்சுக் கட்டுனா ஆகாதா, எதுக்குக் காசைக் கரியாக்கறீங்க?" என்கிறார் அத்தை. துவைத்துத் துவைத்துப் போடும் துணி டயப்பர், 12 கொண்ட செட் 6,000 ரூபாய், இஎம்ஐயில் வாங்கிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எங்க வீட்டில் போர் தண்ணிதான், வாஷிங் மெஷின் இல்லை. எதுங்க லாபம்?

பதில்: நீங்கள் எழுதிய விலையையே வைத்துப் பார்ப்போம். நாளைக்கு 60 ரூபாய் என்றால் மாதம் 1,800. குழந்தை வளர வளர எண்ணிக்கை குறையும்தான். ஆனால் சைஸ் பெரிதாகும்போது ஒவ்வொன்றின் விலையும் ஏறும். அதனால் இந்தச் செலவு தானாகக் குறைந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். இன்னும் இரண்டு வருடத்துக்கு 43,200 ரூபாய். வாரச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. உங்கள் அத்தை கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. துவைக்கப்போவது யார்?

வேட்டித் துணி ஒரு முறை நனைந்தாலே மாற்ற வேண்டும். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி ஆகும். மலத்தை அலசிவிட்டு, சோப்புப் போட்டு, இரண்டு தண்ணீரில் அலசி, காயப்போட்டு, மடித்து வைக்க முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். மாதத்துக்கு இருபத்திரண்டரை மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டில் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று ஷிப்ட், உங்கள் சம்பளத்தில் 1,350 ரூபாய். சோப்புத்தூளுக்கும் தண்ணீருக்கும் 300 என்று வைத்தால் மொத்தம் 1,650. டயப்பருக்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் 150 ரூபாய்.

இன்றைக்கு வீட்டில் இருக்கும் உங்களுக்கு அந்த 1,350 ரூபாயை யாரும் கையில் கொடுக்கப் போவதில்லை என்பது உண்மை. அதனால் இந்த மூன்று மாதத்துக்குத் துணி உண்மையாகவே மிச்சம்தான், உங்கள் உடம்பு தேறியிருந்தால். வேலைக்குத் திரும்பிய பிறகு நிலைமை வேறு. ஆர்டர் அவசரத்தில் கம்பெனி ஒன்றரை ஷிப்ட் ஓட்டும்போது, துணி துவைக்க வேண்டுமே என்று அந்த அரை ஷிப்டை விட்டுவிட்டு வந்தால் 240 ரூபாய் போகும். நாள் முழுக்க டயப்பர் போட்டாலும் செலவு 60 ரூபாய்தான். அத்தை துவைத்துக்கொள்வார் என்றால் அதையும் இலவசம் என்று எழுதாதீர்கள். பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதே அவருக்கு முழு வேலை.

நான் சொல்வது இதுதான்: பகலில் வீட்டில் துணி. ராத்திரி ஒரு டயப்பர், ஆஸ்பத்திரி, விசேஷம், பஸ் பயணம் என்று வெளியே போக இன்னொன்று. ராத்திரி டயப்பரால் நீங்கள் இருவரும் கொஞ்சம் தூங்க முடியும், மறுநாள் வேலைக்கு அது வேண்டும். நாளைக்கு இரண்டு டயப்பர் என்றால் மாதம் 600. துவைக்கும் செலவு 200. ஆக 800 ரூபாயில் முடிந்து, மாதம் 1,000 ரூபாய் கையில் நிற்கும். குழந்தைக்குத் தோல் சிவந்து புண்ணானால் மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

துணிக்கு நீங்கள் காசு செலவழிக்கவே வேண்டாம். பழைய வெள்ளை வேட்டியைவிட நல்ல துணி கடையில் கிடைக்காது, மெல்லிசாக இருப்பதால் சீக்கிரம் காயும். போதவில்லை என்றால் திருப்பூர் காதர்பேட்டையில் வெள்ளை இன்டர்லாக் பனியன் துணி கட்பீஸ் வாங்கி மடித்துத் தையுங்கள். பாலியஸ்டர் கலந்ததா என்று பார்க்க ஒரு நூலைப் பற்ற வையுங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். செக்கிங் பார்த்த உங்களுக்கு இது தெரிந்ததுதான். சாயத் துணி வேண்டாம். வாங்கியதை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுக் கட்டுங்கள். ஆடிக் காற்றில் உங்கள் ஊரில் துணி மளமளவென்று காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாது, அந்த நாட்களில் டயப்பர் ஒன்றிரண்டு கூடினால் கவலைப்படாதீர்கள்.

போர் தண்ணீர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்பு கனத்த தண்ணீரில் கட்டிச் சோப்பு நுரைக்காது, துணியில் படிந்து விறைக்கும். குழந்தைத் துணிக்குச் சோப்புத்தூள் மேல். கடைசி அலசலுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் கிடைத்தால் போதும். வீட்டுக்காரர் சொல்லும் 6,000 ரூபாய் செட்டில் எனக்குத் தயக்கம் இருப்பதும் இதனால்தான். அதன் உள்ளே வைக்கும் பட்டைகளில் உப்புப் படியப் படிய உறிஞ்சும் திறன் குறையும். துணியை மிருதுவாக்கும் திரவம் ஊற்றினால் இன்னும் மோசம். கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. 12 வாங்குவதற்கு முன் இரண்டு வாங்கி, தொடைப் பக்கம் கசிகிறதா, உங்கள் தண்ணீருக்குத் தாங்குகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள்.

தவணைக்கு ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால், அது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினாக இருக்கட்டும். இதை நான் அழுத்தியே சொல்கிறேன். டயப்பர் செட் இரண்டு வருடத்தில் பயன் முடிந்து பெட்டிக்குள் போகும். மெஷின் குழந்தைத் துணியோடு வீட்டில் எல்லார் துணியையும் பல வருடம் துவைக்கும், உங்கள் கையையும் அத்தையின் இடுப்பையும் காப்பாற்றும். பத்தாயிரத்தை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றியும் ஓட்டலாம். வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால் கரண்ட் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். மாதத் தவணை மிச்சமாகும் அந்த 1,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். "வட்டியில்லாத் தவணை" என்றாலும் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று இரண்டையும் கேளுங்கள். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் நீங்கள் கட்டும் வட்டி.

மெஷின் கடன் தீர்ந்ததும் அந்த ஆயிரத்தை வீட்டுச் செலவோடு கலக்க விடாதீர்கள். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் 250 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். முதலில் வங்கியில் ஒரு வருட ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டு, குழந்தையின் காய்ச்சல், தடுப்பூசிச் செலவுக்குக் கொஞ்சம் சேருங்கள். பதிவில்லாத ஏலச்சீட்டு வேண்டாம். செல்வமகள் சேமிப்புக் கணக்கை இப்போதே தபால் நிலையத்தில் தொடங்கிவிடலாம், வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். 2024 ஜனவரியில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கும், அதனால் போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள். 15 வருடம் கட்ட வேண்டும், 21 வருடத்தில் முதிரும். மகளுக்கு 18 வயதானதும் அல்லது பத்தாம் வகுப்பு முடித்ததும் மேற்படிப்புக்காக ஒரு பங்கை எடுக்கலாம், அதுவரை பொதுவாகத் தொட முடியாது. ஆர்.டி.யை முதலில் சொன்னது அதனால்தான்.

டயப்பர் வாங்கும்போது பாக்கெட் விலையைப் பார்க்காமல், உள்ளே இருக்கும் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரே சைஸில் பெரிய பெட்டி வாங்கினால் குழந்தை வளர்ந்து பாதி வீணாகும். 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தை டயப்பருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்தது. முன்பு 112 ரூபாய்க்கு விற்றது 105க்கு வர வேண்டும், உங்கள் கடையில் குறைந்திருக்கிறதா பாருங்கள். பயன்படுத்தியதை வாய்க்காலில் வீசவோ எரிக்கவோ வேண்டாம், உள்ளே இருக்கும் ரசாயனத் துகள் மட்காது. காகிதத்தில் சுற்றித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். திடக்கழிவு விதியும் சுற்றித்தான் கொடுக்கச் சொல்கிறது.

நீங்கள் வேலைக்குத் திரும்பும் வாரத்தில் இந்தக் கணக்கை அத்தையோடு உட்கார்ந்து மறுபடி போடுங்கள். அதற்குள் மெஷின் வந்திருக்காவிட்டால் டயப்பரை நாளைக்கு மூன்றாக ஏற்றுங்கள். மாதம் 300 ரூபாய் கூடும், அதைக் கொடுக்கலாம்.